கொளுத்துற சருகை மூடாக்கா மாத்தலாம்

கேள்வி: எங்க அப்பார்ட்மெண்ட்ல பாதாம், வேம்பு, தென்னைனு மரம் நிறைய. தினமும் கூட்டுற சருகை ஒரு மூலையில போட்டு கொளுத்திடறாங்க, புகையில வீசிங் இருக்கிற பிள்ளைங்க ரொம்ப தவிக்குதுங்க. வேற வழி இருக்கா?
- வாசகி, தாம்பரம்

பதில்: இருக்குங்க, இன்னைக்கே கொளுத்துறத நிறுத்தச் சொல்லுங்க. உங்க செடிக்கு வேண்டிய மூடாக்கு, அதாவது செடியச் சுத்தி மண்ணை மூடுற சருகுப் போர்வை, அதுலதான் இருக்கு.

ஆனா அப்படியே கொட்டக் கூடாது. பாதாம் இலை தட்டு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு மழைத்தண்ணிய உள்ளயே விடாது, அதனால ஷ்ரெடர் மெஷின் வாடகைக்கு கிடைச்சா கிளை, தென்னமட்டை எல்லாத்தையும் சேர்த்து அரைச்சிடுங்க, கிடைக்கலன்னா மொறுமொறுனு காஞ்ச சருகை சாக்குல கட்டி மிதிச்சாலே இலை மட்டும் நல்லா நொறுங்கிடும். பிளாஸ்டிக் கவரை முன்னாடியே பொறுக்கிடணும். பூத்த பார்த்தீனியக் களைச்செடியை தயவுசெஞ்சு சேர்க்காதீங்க, விதை விழுந்து தோட்டம் முழுக்க முளைச்சிடும்.

செடியச் சுத்தி 2, 3 இன்ச் கனத்துக்குப் பரப்புங்க, தண்டை ஒட்டிப் போட்டா ஈரம் தேங்கி அழுகிடும், அதனால நாலு விரக்கடை விட்டுப் போடுங்க. பச்சையா அரைச்ச மரத்தூளை மண்ணோட கிளறிடாதீங்க, மக்கும்போது மண்ணுல இருக்கிற நைட்ரஜனை இழுத்துக்கும், இலை மஞ்சளாயிடும். மேலாக்க கிடந்தா பயமில்ல.

கட்டடச் சுவர் பக்கம் மட்டும் வேண்டாம், கரையான் ஏறும். மே மாச வெயில்ல மூடாக்கை லேசா விலக்கிப் பாருங்க, பக்கத்துல மண்ணு வெடிச்சுக் கிடக்கும், இங்க கையில ஈரம் ஒட்டும்.