யோக்யகர்த்தா: கோயில்களும் பாத்திக் துணியும் – கேள்வி பதில்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இருக்கிற யோக்யகர்த்தாவில் சில காலம் தங்கி, துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் பாத்திக் வேலை கற்றுக்கொண்டேன். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஜோக்ஜா. அங்கே போகத் திட்டமிடும் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சுபா, திருச்சி: அக்கா, பாலிக்குப் போகிறோம். ஜோக்ஜாவையும் சேர்த்துக்கொள்ளலாமா? எத்தனை நாள் வேண்டும்?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள் சுபா. நான்கு நாள் ஒதுக்குங்கள். போரோபுதூர் பௌத்தக் கோயிலுக்கு ஒரு நாள், பிரம்பனான் இந்துக் கோயில்களுக்கு ஒரு நாள், மீதி இரண்டும் கைத்தொழில் கிராமங்களுக்கு. இந்திய பாஸ்போர்ட்டுக்கு இந்தோனேசியா வந்திறங்கியதும் 30 நாள் விசா கிடைக்கும், கட்டணம் 5 லட்சம் ரூபியா. முன்கூட்டியே ஆன்லைனிலும் எடுக்கலாம். புது விமான நிலையம் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறது. டாக்சி வேண்டாம், ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடத்தில் ஊர் நடுவே துகு நிலையத்தில் இறங்கிவிடலாம்.

கதிர், கோவை: போரோபுதூரில் மேலே ஏற விடுவதில்லை என்கிறார்களே?

விடுகிறார்கள். ஆனால் மேலே ஏறத் தனி டிக்கெட். நாளுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்திருப்பதால் முன்பதிவு செய்துவிடுங்கள். வழிகாட்டியோடு குழுவாகத்தான் போகணும். கல் தேயாமல் இருக்க உபானத் என்ற செருப்பைத் தருவார்கள், அதைப் போட்டுக்கொண்டுதான் ஏறணும். சுற்றுவட்டாரக் கிராமத்துக் கைவினைஞர்கள் செய்வது அது. நீங்களே வைத்துக்கொள்ளலாம். கோயிலையும் காத்து, ஊர்க்காரர்களுக்கும் வேலை கொடுக்கிற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

9ஆம் நூற்றாண்டு பௌத்தக் கட்டடம் இது. சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கியே கட்டியிருக்கிறார்கள். 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகளும் 504 புத்தர் சிலைகளும் உண்டு. எல்லாரும் உச்சியில் இருக்கிற 72 ஸ்தூபிகளைப் படமெடுக்க ஓடுவார்கள். கதையெல்லாம் கீழ்ச் சுற்றுகளில்தான் இருக்கிறது, அங்கே நிதானமாக வலம் வாருங்கள். கப்பல் சிற்பங்களை விட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒன்றைப் பார்த்து அதே மாதிரி மரக்கப்பல் கட்டி, 2003இல் கிளம்பி ஆப்பிரிக்காவின் கானா வரை ஓட்டிப்போனார்கள். அந்தக் கப்பல் அதே வளாகத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

மீனாட்சி, மதுரை: பிரம்பனான் சிவன் கோயில் என்று கேள்விப்பட்டேன். என்னென்ன பார்க்கணும்?

சிவன், பிரம்மா, விஷ்ணு மூவருக்கும் அடுத்தடுத்துக் கோயில் இருக்கிறது மீனாட்சி. நடுவில் இருக்கும் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். கருவறையில் சிவன். வடக்கு அறையில் துர்க்கை, மேற்கில் பிள்ளையார், தெற்கில் தாடியும் தொந்தியுமாக அகத்தியர்! பொதிகை மலையோடு நாம் சேர்த்துப் பேசுகிற முனிவரை ஜாவாவில் சிவன் கோயிலுக்குள் பார்க்கும்போது மனசு நெகிழ்ந்துபோகும். உள்ளே இருட்டு, டார்ச் எடுத்துப் போங்கள்.

இராமாயணச் சிற்பங்கள் சிவன் கோயில் சுற்றில் தொடங்கிப் பிரம்மா கோயிலில் முடிகின்றன. விஷ்ணு கோயிலில் கண்ணன் கதை. 2006 நிலநடுக்கத்தில் கோயில்களுக்குச் சேதம் ஏற்பட்டது. சுற்றிலும் கற்குவியல்களாகக் கிடக்கும் சிறு கோயில்களையும் பாருங்கள், ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டுகிறார்கள். மழையில்லாத மாதங்களில் போனால், கோயில்கள் பின்னால் தெரிய, திறந்தவெளி மேடையில் இரவில் இராமாயண நாட்டியம் பார்க்கலாம். 1961இலிருந்து நடக்கிறது.

ராஜேஷ், சென்னை: அம்மாவுக்கு நல்ல பாத்திக் வாங்கணும். அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ராஜேஷ். முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேன்மெழுகு, பாரஃபின், பைன் பிசின் இதையெல்லாம் கலந்து உருக்குவார்கள். சாந்திங் என்பது கைப்பிடி வைத்த ஒரு சின்னச் செம்புக் கிண்ணம், அதற்கு மெல்லிய மூக்கு ஒன்று. அதில் சூடான மெழுகை மொண்டு துணியில் கோடு இழுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அவுரி நீலத்தில் முக்கி, காயவைத்து, சில இடத்து மெழுகைச் சுரண்டி, வேறு இடத்தில் பூசி, அடுத்துப் பழுப்புச் சாயம். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகையெல்லாம் எடுத்துவிடுவார்கள். நுணுக்கமான துணி ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

இப்படிக் கையால் வரைவது துலிஸ். செம்பு அச்சை மெழுகில் தோய்த்துக் குத்துவது சாப். இதுவும் கைவேலைதான், விலை கம்மி, நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மூன்றாவது, பாத்திக் டிசைனை இயந்திரத்தில் அச்சடித்த துணி. அதில் மெழுகு வேலையே கிடையாது.

கடையில் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளுத்திருந்தால் பெரும்பாலும் பிரிண்ட்தான். துலிஸில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அப்புறம், ஒரே பூ திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நாலைந்தை ஒப்பிடுங்கள். கைவேலையில் புள்ளிகள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அச்சுப் பிசகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். முகர்ந்தால் லேசாக மெழுகு வாசனைகூட வரலாம்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, செய்கிற இடத்துக்கே போவது. ஊருக்குத் தெற்கே இமோகிரிப் பக்கம் கிரிலோயோ கிராமத்தில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து துலிஸ் வரைகிறார்கள். நீங்களும் ஒரு கைக்குட்டை வரைந்து பார்க்கலாம். அதற்குப் பிறகு விலை அதிகம் என்று சொல்லவே தோன்றாது. தயவுசெய்து துலிஸுக்குப் பாதி விலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

அனிதா, சிங்கப்பூர்: மாலியோபோரோ தெருவில் "பாத்திக் கண்காட்சி, இன்றுதான் கடைசி நாள்" என்று ஒருவர் அழைத்தார். போகலாமா?

வேண்டாம் அனிதா. அந்தக் கடைசி நாள் தினமும் வரும். நன்றி சொல்லிவிட்டு நடங்கள். அதே தெருவில் பெரிங்ஹார்ஜோ சந்தை இருக்கிறது, அங்கே எல்லா ரகமும் கிடைக்கும். பிரிண்ட்தான் நிறைய, பார்த்து வாங்கணும்.

இன்னொன்று: சாய்வான வரிகளாக ஓடும் பராங் என்ற வடிவம் ஒரு காலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டும் உரியது. வாங்கலாம், வெளியே உடுத்தலாம். அரண்மனைக்குள் போகிற நாளில் மட்டும் வேறு துணி உடுத்துங்கள், அந்த மரியாதையை அங்கே எதிர்பார்ப்பார்கள்.

முருகன், தஞ்சாவூர்: துணி தவிர வேறு கைத்தொழில்?

கொத்தகடே பகுதியில் வெள்ளிக் கம்பி வேலை, காசோங்கான் கிராமத்தில் மண்பாண்டம். என் மனம் போவது வாயாங் தோல்பாவைகளிடம்தான். எருமைத்தோலைச் சுரண்டிக் காயவைத்து, விதவிதமான உளிகளால் துளையிட்டு, வண்ணம் தீட்டி, எருமைக்கொம்பில் கைப்பிடி வைப்பார்கள். நம் தோல்பாவைக்கூத்தில் ஒளி ஊடுருவித் திரையில் வண்ணம் தெரியும். ஜாவாவில் நிழல் கறுப்பாகத்தான் விழும், உளியின் துளைகளே நகையும் உடையுமாகத் தெரியும். சோனோபுடோயோ அருங்காட்சியகத்தில் இரவு நேரத்தில் சுருக்கமான நிகழ்ச்சி நடத்துகிறார்கள்.

லட்சுமி, சேலம்: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

டெம்பே (புளிக்கவைத்த சோயா), டோஃபு (சோயா பனீர்) எங்கும் கிடைக்கும். ஊரின் பேர்பெற்ற குடெக் பலாப்பிஞ்சுக் கறிதான், இனிப்பாக இருக்கும். ஆனால் கூடவே கோழி, முட்டை, கிரெச்செக் வரும். கிரெச்செக் மாட்டுத்தோல், சொல்லித் தவிர்த்துவிடுங்கள். சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியில் இறால் விழுது இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுபா, திருச்சி: அக்கா, கடைசியாக ஒன்று. வாங்கிய பாத்திக்கை எப்படித் துவைப்பது?

வாஷிங் மெஷினில் போடாதீர்கள், சோப்புத்தூளும் வேண்டாம். ஜாவாவில் லெராக் என்ற காயின் நுரையில் அலசுவார்கள். அது நம் பூந்திக்கொட்டை இனம்தான், அதனால் நாட்டு மருந்துக்கடையில் பூந்திக்கொட்டை வாங்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரில் அலசினால் போதும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள்.