டிஸ்டில்லர் போட்டால் டிரிப் ஆகிறது, எர்த் வயரைக் கழற்றிவிடலாமா?

கேட்டவர் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறார். செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் எடுக்க ஆன்லைனில் 3,000 வாட் மின்சார டிஸ்டில்லர், அதாவது ஆவியாக்கி வடிக்கும் பானை ஒன்று வாங்கியிருக்கிறார். போட்ட 20 நிமிடத்தில் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறதாம். பானையோடு சேர்த்திருக்கும் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் டிரிப் ஆகாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்று கேட்கிறார்.

தயவுசெய்து கழற்றாதீர்கள். கழற்றினால் டிரிப் நின்றுவிடும் என்பது உண்மைதான். எனக்குப் பயமே அதனால்தான்.

நான் பட்டர்வொர்த்தில் 19 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். என் மனைவி வீட்டுப் பின்கட்டில் செராயும் ஜாதிக்காயும் வடிக்கிறாள். அதனால் இந்த விஷயத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

டிபி பாக்ஸில், அதாவது வீட்டுக்குக் கரண்ட் பிரியும் பெட்டியில், கசிவைக் கண்டால் வெட்டும் சுவிட்சான ஆர்சிசிபி (பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்பார்கள்) ஒரே ஒரு கணக்குத்தான் பார்க்கிறது. லைவ் வயரில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லிஆம்பியர் குறைந்தாலே அது வேறு எங்கோ கசிகிறது என்று வெட்டிவிடும். உங்கள் டிஸ்டில்லரில் சூடாக்கும் எலிமென்ட்டிலிருந்து பானையின் உடம்புக்குக் கரண்ட் கசிகிறது. எர்த் வயர் அதை வாங்கிக்கொண்டு போவதால்தான் ஆர்சிசிபிக்குத் தெரிகிறது. அந்த வயரைக் கழற்றினால் கசிவு நிற்காது, போக வழி மட்டும் அடைபடும். பானை 230 வோல்ட்டைச் சுமந்துகொண்டு மேசைமேல் சத்தமில்லாமல் நிற்கும். முதலில் தொடுகிற கைதான் எர்த் வயர்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. முதலில் வாங்கிய டிஸ்டில்லர் இரண்டு உருண்டைப் பின் வைத்த பிளக்கோடு வந்தது. அந்தப் பிளக்கில் எர்த் பக்கவாட்டுத் தகடாக இருக்கும். நம் ஊர் மூன்று ஓட்டை சாக்கெட்டில் அந்தத் தகடு எதையும் தொடாது. நான் வேலைக்குப் போயிருந்த நேரம், என் தம்பி மேல் ஓட்டையில் பேனாவைச் செருகி, உள் அடைப்பைத் திறந்து பிளக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டான். பலர் வீட்டில் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன், சில இடத்தில் சாப்ஸ்டிக். முதல் இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை என் மனைவி ஒரு கையால் பானை மூடியைப் பிடித்தபடி மறு கையால் சிங்க் குழாயைத் திறந்தாள். தூக்கிப் போட்டது. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டியதால் இன்று அவள் இருக்கிறாள். ஈரக் கையோடு ஒரு மனித உடம்பின் தடை சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் அது 230 மில்லிஆம்பியர். இதயத்தை நிறுத்த அவ்வளவு வேண்டாம். அன்று சாயங்காலம் அந்தப் பானையைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

சரி, 20 நிமிடம் கழித்து ஏன்? இதுதான் நல்ல துப்பு. போட்ட உடனே டிரிப் ஆனால் எலிமென்ட்டுக்குள் ஈரம் ஏறியிருக்கலாம். உள்ளே இன்சுலேஷனாக அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடுப் பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில மாதம் அலமாரியில் கிடந்தாலே போதும். கொதிக்கத் தொடங்கிய பிறகு டிரிப் ஆனால் நான் முதலில் பார்ப்பது கேஸ்கெட்டை, அதாவது கசிவை அடைக்கும் வளையத்தை. ஆவி கசிந்து அடியில் வயர் சேரும் இடத்தில் வேர்த்து நிற்கும். புல்லை நெருக்கி அடைத்து, நுரை பொங்கி வழிந்தாலும் அதே கதைதான். இரண்டும் இல்லையென்றால் எலிமென்ட் உறையில் விரிசல் இருந்து சூட்டில் திறக்கிறது, அதை மாற்றத்தான் வேண்டும். சாதா மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அது சில வோல்ட்டில் பார்க்கிறது. லைசென்ஸ் உள்ள வயர்மேன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்ப்பார், அதில் ஒளிந்திருப்பது தெரியும்.

ஆனால் மல்டிமீட்டரால் ஒரு வேலை உண்டு. பிளக்கை வெளியே எடுத்துவிட்டு, அதன் நீளமான எர்த் பின்னுக்கும் பானையின் வெறும் உலோகத்துக்கும் இடையே தடை பாருங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் உங்கள் பானைக்கு இப்போதே எர்த் சரியில்லை.

அடுத்து பிளக். 3,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே வரும். நம் பிளக்கின் எல்லையே 13தான். கெட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கிறதே என்பீர்கள். கெட்டில் ஐந்து நிமிடம், உங்கள் டிஸ்டில்லர் மூன்று மணி நேரம். சாக்கெட்டின் பின்பக்கம் பழுப்பேறி உருகியிருப்பதை இந்த மாதிரி வீடுகளில்தான் அதிகம் பார்க்கிறேன். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் காப்பாற்றாது, 15 ஆம்பியர் போனாலும் அது பொறுத்துக்கொண்டு நிற்கும். முடிந்தால் 2,000 வாட் எலிமென்ட்டுக்கு மாறுங்கள், 9 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். 3,000தான் வேண்டுமென்றால் டிபி பாக்ஸிலிருந்து தனி லைன் இழுத்து, ஏர்கோனுக்குப் போடுவதுபோல் 15 ஆம்பியர் உருண்டைப் பின் சாக்கெட் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டவே வேண்டாம், அதுவும் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன். போட்டு அரை மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் மட்டத்தையும் கவனியுங்கள். 3,000 வாட் முழுதாகக் கொதிக்கவிட்டால் மணிக்குச் சுமார் நான்கரை லிட்டர் ஆவியாகும். 10 லிட்டர் ஊற்றியிருந்தால் இரண்டு மணி நேரத்தில் எலிமென்ட் வெளியே தெரிய ஆரம்பிக்கும். காய்ந்த எலிமென்ட் சிவந்து வெடிக்கும், உள்ளே இருக்கும் புல்லும் கருகும். டைமர் வைத்துவிட்டுக் கடைக்குப் போவதை நான் வீட்டில் தடை செய்திருக்கிறேன்.

இதே பானையில் சாராயம் வடிக்கலாமா என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். லைசென்ஸ் இல்லாமல் வடிப்பது 1976 கலால் சட்டப்படி குற்றம். அதைவிட, ஆல்கஹால் ஆவி நம் ஊர் அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு படரும். கீழே இருக்கும் சாக்கெட் சுவிட்சில் விழும் ஒரு பொறி போதும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து எத்தனை பேர் போனார்கள் என்று நமக்குத் தெரியும். வேண்டாம்.

இப்போதைக்கு டிஸ்டில்லரைப் போடாதீர்கள். டிபி பாக்ஸைத் திறந்து ஆர்சிசிபியின் முகத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் 100 மில்லிஆம்பியர் இருக்கும், அது ஆளைக் காப்பாற்றப் போதாது, மாற்றச் சொல்லுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கி, உடனே விழுகிறதா என்றும் பாருங்கள். பிறகு பிளக், பானையின் அடிப்பக்கம், ஆர்சிசிபி மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். எலிமென்ட்டா கேஸ்கெட்டா என்று பார்த்துச் சொல்கிறேன், வயர்மேன் வரும்போது அவருக்கும் பாதி வேலை மிச்சம்.