பாலின உறுதிப்பாட்டு மனநல ஆலோசனை என் பிள்ளையை மாற்றுமா?

மகனாக வளர்த்த 19 வயதுப் பிள்ளை தன்னைப் பெண்ணாகவே உணர்வதாகச் சொல்கிறது, ஆலோசனைக்கு அழைத்துச் சென்றால் மாறிவிடுமா என்று ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

மாறாது, அம்மா, மாற்றுவது அதன் நோக்கமும் அன்று. திருநங்கை, திருநம்பி, ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காதவர் ஆகியோரின் அடையாளத்தை நோயாகக் கருதாமல், அதை மறைத்து வாழ்ந்ததால் சேர்ந்த அச்சத்தையும் உறக்கமின்மையையும் பேசித் தணிப்பதும், பெயர், உடை, உறவினரிடம் சொல்லும் நேரம் ஆகியவற்றை அவரே தமது வேகத்தில் முடிவுசெய்யும்வரை உடனிருப்பதுமே இந்த ஆலோசனை. ஹார்மோன், அறுவை சிகிச்சை ஆகியவை மருத்துவரோடு தனியே பேச வேண்டியவை. எல்லோரும் அவற்றை நாடுவதில்லை.

'மாற்றிக் காட்டுகிறேன்' என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய முயற்சிகளைத் தடைசெய்யுமாறு உத்தரவிட்டது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படி மாற்ற முயல்வதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பேய் ஓட்டுவதாகச் சொல்லிக் கட்டிவைப்போரிடமும் ஒப்படைக்க வேண்டாம். 2001இல் ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை நம் கடற்கரை இன்னும் மறக்கவில்லை.

ஆலோசனைக்காக மதுரைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்றால், முதலில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசுங்கள். பிள்ளை மட்டுமல்ல, நீங்களும் பேசலாம்.