பெயரில்லாத குரூப் போட்டோ

அன்புள்ள ஐயா,

என் தாத்தா கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் இரண்டு குரூப் போட்டோக்கள் கிடைத்தன. ஒன்று, சுரங்க ஆட்களோடு எடுத்தது. இன்னொன்று, பெரியப்பா சேலம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. முடித்தபோது எடுத்தது. கூடவே தாத்தா கைப்பட எழுதிய கூலிக் கணக்கு நோட்டும் இருந்தது. எல்லாவற்றையும் போனில் எடுத்துக்கொண்டு பழசைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. கல்லூரிப் படத்தை மட்டும் ஃபிரேம் போடலாமா? சின்ன வயதில் தாத்தாவுக்குச் சுரங்கத்துக்குச் சோறு கொண்டுபோன அத்தை ஓமலூரில் இருக்கிறார்.

ச., சூரமங்கலம்

அன்புள்ள ச.,

எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு மூன்றிலும் முக்கியமாகப் படுவது அந்த நோட்டுதான்.

கல்லூரிப் படங்களில் பெரும்பாலும் கீழே அட்டையில் ‘அமர்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலமாக’ என்று எல்லார் பெயரும் இனிஷியலோடு அச்சாகியிருக்கும். பெரியப்பா படித்ததற்கு வேறு தாள்களும் உண்டு. 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் வரும்வரை சேலம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. பட்டப் பதிவைத் தேட வேண்டிய இடம் சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

சுரங்கப் படத்துக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. நான் பார்த்த ஆலை, சுரங்கப் படங்களில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் பெயர் இருக்கும். பின்னால் நின்றவர்களுக்கு ‘தொழிலாளர்கள்’ என்பதோடு சரி. சேர்வராயன் அடிவாரத்து வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டுத்தான் உருக்கு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் செய்கிறார்கள். சுத்தியலால் தட்டித் தட்டி, ஒட்டியிருக்கும் வேறு கல்லை நீக்கிக் குவித்தவர்களில் பெண்கள் ஏராளம். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி ஒவ்வொருவரின் பெயரும் வயதும் வேலையும் பதிவேட்டில் ஏற வேண்டியிருந்தது. ஆனால் கம்பெனி கைமாறினால், குழி மூடினால், அந்தப் பதிவேடுகளைத் தேடிப் போகிறவர்கள் யார்? நம் ஊரில் அவை பழைய பேப்பர் கடைக்குப் போவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்களிடம் படத்தில் முகம் இருக்கிறது, நோட்டில் பேர் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கக்கூடியவர் அத்தை ஒருவர்தான். தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தலைக்கு ஒரு எண் கொடுங்கள். முகத்தைக் காட்டி ‘இது யாரு?’ என்று கேட்டால் திணறுவார். நோட்டிலுள்ள பேர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். பேரைக் கேட்டால் ஆள் ஞாபகம் வந்துவிடும். பேர் கிடைக்காவிட்டால் ‘டீக்கடைக்காரர் அண்ணன்’, ‘பொன்னியோட மாமியார்’ என்றாவது குறித்துக்கொள்ளுங்கள். அவர் பேசுவதை ரெக்கார்டும் செய்யுங்கள்.

தம்பி சொல்வதுபோல் போனில் எடுத்தால் போதாது. பளபளப்பு விழும், ஓரம் வெட்டுப்படும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். கிழிசலில் செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். படத்தையும் நோட்டையும் பிரிக்காமல் காகித உறைகளில் ஒரே பெட்டியில் வையுங்கள்.

அப்புறம் ஃபிரேம். இரண்டு படத்தையும் போடுங்கள், ஆனால் நகலை. மூலப்படம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும்.