காரணம் என்ற கட்டம்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். என் தம்பிக்கு 22 வயது, ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. ஆறு மாதமாகக் காதில் யாரோ பேசுவதாகச் சொல்கிறான். செல்போனைத் தூக்குப்போசிக்குள் போட்டு மூடி வைக்கிறான். ரூமில் இருந்த பையன்களோடு கஞ்சா அடித்தது தெரிந்ததும் அப்பா, "எல்லாம் அந்தக் கருமத்தால் வந்தது, விட்டால் சரியாகிவிடும்" என்று ஊருக்கே கூட்டிவந்துவிட்டார். விட்டு நான்கு மாதம் ஆகிறது, குரல் நிற்கவில்லை. பிளஸ் டூ படிக்கும்போதே இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பான். பரீட்சை பயம் என்று விட்டுவிட்டோம். கஞ்சாவால் மனநோய் வரும் என்கிற ஆய்வெல்லாம் பொய் என்று தம்பி வாதாடுகிறான். அந்த ஆய்வுகளை நம்பலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

ஆய்வுகளைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை. இந்தச் சந்தேகத்துக்கு நம் நாட்டிலேயே 130 வயது ஆகிறது. 1893இல் ஆங்கிலேய அரசு கஞ்சா பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டது. 1892இல் மனநோய் விடுதிகளில் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் கஞ்சா வகைகள்தான் காரணம் என்று பதிவேடு சொன்னது. ஒவ்வொருவரின் கதையையும் கமிஷன் தோண்டிப் பார்த்ததில் 98 பேருக்குத்தான் கஞ்சாவைக் காரணமாகச் சொல்ல முடிந்தது. படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஏதாவது எழுதியாக வேண்டும், எழுத வசதியான சொல் கஞ்சா.

இதையே நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா மகனை ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். "பீடி, சாராயம், கஞ்சா ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, "கஞ்சா ரெண்டு மூணு தடவை" என்றார். சீட்டில் அது ஏறிவிட்டது. அவன் ஒன்பதாவது படிக்கும்போதே யாரோ எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டியவன். அதை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அப்புறம் மூன்று வருஷம் அவனைத் திட்டுவதிலேயே போனது. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

இப்போது உங்கள் தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். 1987இல் வெளிவந்த சுவீடன் ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் தொடக்கம். ராணுவத்துக்கு ஆளெடுக்கும்போது விவரம் வாங்கிய 45,570 இளைஞர்களை 15 வருஷம் கவனித்தார்கள். 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு (குரல் கேட்பது, இல்லாததை நம்புவது என்று நீளும் மனநோய்) வருவது 6 மடங்கு அதிகமாக இருந்தது. அவர்களுக்கு முன்பே இருந்த மனப்பிரச்சினை, குடும்பச் சூழ்நிலை இதையெல்லாம் கணக்கில் எடுத்ததும் அது 2.3 மடங்காக இறங்கியது. பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. 2018இல் வந்த மரபணு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது: மனச்சிதைவுக்கான மரபுக்கூறு உள்ளவர்கள் கஞ்சா பக்கம் போகிற சாத்தியமே அதிகம். அதாவது, தூக்கம் கெட்டு மனம் கலங்கியவன்தான் பொட்டலத்தைத் தேடிப் போகிறான் என்பதும் பல இடங்களில் உண்மை.

சரி, அப்படியானால் கஞ்சா நிரபராதியா? இல்லை. எவ்வளவு கழித்தாலும் அந்த 2.3 அங்கேயே நிற்கிறது. 2019இல் ஐரோப்பிய நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், தினமும் எடுப்பவர்களுக்கு 3 மடங்கும், வீரியம் கூடிய சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கும் மனநோய் ஆபத்து இருப்பது தெரிந்தது. அளவும் வீரியமும் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்றால் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வரவில்லை என்பதும் நிஜம்தான். ஆனால் குரல் கேட்க ஆரம்பித்துவிட்ட ஒருவனுக்கு அந்தக் கணக்கு உதவாது. நோய் வந்தபிறகும் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது. தம்பி எந்த ஆய்வை மறுத்தாலும், இனி அதைத் தொடக்கூடாது.

அப்பாவின் நம்பிக்கைதான் எனக்கு அதிக பயம் தருகிறது. "விட்டால் சரியாகிவிடும்" என்கிறார். போதையால் மட்டும் வந்த கலக்கம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அடங்கும். உங்கள் தம்பிக்கு நான்கு மாதமாகிறது. டென்மார்க்கில், கஞ்சாவால் வந்த மனக்கலக்கம் என்று எழுதப்பட்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்தபோது, ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பின்னால் மனச்சிதைவோ இருமுனை நோயோ (அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வருவது) இருப்பது தெரிந்தது. கஞ்சாதான் காரணம் என்றே வைத்துக்கொண்டாலும் மருத்துவம் வேண்டாம் என்று ஆகிவிடாது. வைத்தியம் தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. கோயிலுக்கும் போங்கள், மந்திரிக்கவும் செய்யுங்கள், ஆனால் இந்த வாரமே மனநல மருத்துவரிடமும் போங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனையும் உங்களுக்குத் தூரமில்லை. உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள்.

போகும்போது ஒரு தாளில் தேதிவாரியாக எழுதி எடுத்துப் போங்கள். பிளஸ் டூவில் தூக்கம் கெட்டது, ஓசூர் போனது, முதன்முதலில் கஞ்சா எடுத்தது, குரல் கேட்கத் தொடங்கியது, விட்டது. அந்தப் பிளஸ் டூ விஷயத்தை உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். மாதம் நினைவில்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள். பிள்ளை எந்த ராத்திரி முதல் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.