எச் விசையைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறினேன். இத்தனை வருடமாக ஒரு இலவச மென்பொருளை வைத்து தமிழ்99 முறையில் தட்டச்சு செய்துவந்தேன். இப்போது தமிழுக்கு மாற்றினால் எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன. வேர்டில் தமிழ் வந்தால் பிரவுசரில் ஆங்கிலம் வருகிறது. "கீபோர்டு டிரைவர் போய்விட்டது, தொலைவிலிருந்தே புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். டிரைவர், அதாவது விசைப்பலகையைக் கணினியோடு இணைத்து இயக்கும் சிறு மென்பொருள், எங்கும் போகவில்லை. ஆங்கிலம் ஒழுங்காக அடிக்க முடிகிறது என்றால் டிரைவர் நன்றாகவே இருக்கிறது. தமிழுக்கென்று தனி டிரைவர் கிடையாது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

எந்தப் பட்டியல் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். நோட்பேடைத் திறந்து, தமிழுக்கு மாற்றி, எச் விசையைத் தட்டுங்கள். 'க' வந்தால் தமிழ்99. 'ப' வந்தால் இன்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு விசைப்பலகை முறை. எல் விசையைத் தட்டிப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது இரண்டிலுமே 'த'தான். உங்களுக்கு 'ப' வரும் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்திருப்பது இதுதான். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை மாதிரியான மென்பொருள்கள், அடியில் ஆங்கில விசைப்பலகை இருக்கிறது என்று நம்பி, நீங்கள் தட்டுவதை நடுவில் பிடித்துத் தமிழாக்குபவை. மேம்படுத்திய பிறகு அந்த மென்பொருள் கணினியோடு சேர்ந்து தானாகத் தொடங்காமல் போயிருக்கும். நீங்களோ, விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் அழுத்தி விண்டோஸின் சொந்தத் தமிழுக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே வெறுமனே 'தமிழ்' என்று பெயர் போட்டு உட்கார்ந்திருப்பது இன்ஸ்கிரிப்ட். பழைய மென்பொருளும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் வேடிக்கை. ஒரே விசையை இரண்டு பேர் மொழிபெயர்ப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு நெடுநாள் எரிச்சல் உண்டு. தமிழ்99-ஐத் தமிழ்நாட்டு அரசு 1999-இலேயே அங்கீகரித்துவிட்டது. விண்டோஸுக்குள் அது வந்தது 2019-இல். இருபது வருடம்! வந்த பிறகும், வெறும் 'தமிழ்' என்ற பெயரில் கிடைப்பது இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட்தான். அதற்காவது 'இன்ஸ்கிரிப்ட்' என்று பெயர் எழுதி வைத்தால் குறைந்தா போய்விடும்?

சரி, சரிசெய்வோம். முதலில் பழைய மென்பொருளை மூடுங்கள். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'. அங்கே தமிழுக்கு எதிரே மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தட்டினால் 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்'. கீழே கீபோர்டு சேர்க்கும் பொத்தானை அழுத்தி, தமிழ் 99-ஐச் சேருங்கள். சேர்த்த பிறகு வெறும் 'தமிழ்' என்றிருப்பதை நீக்குங்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள், இருக்கும் ஒரே விசைப்பலகையை நீக்க விண்டோஸ் விடாது. திரும்பவும் எச் விசையைத் தட்டுங்கள். 'க' வர வேண்டும்.

வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்ற தொல்லைக்கு, அதே 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் 'டைப்பிங்', அதற்குள் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்' பாருங்கள். ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தொலைதூர நண்பர். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குத் தேவையே இல்லாதவை. விசைப்பலகைக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினால் அதுவே திரும்பப் போட்டுக்கொள்ளும். காசு கேட்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் காசைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. விசைப்பலகை மென்பொருள் என்றாலே நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கக்கூடியது. வங்கிக் கடவுச்சொல்லும் அந்த வழியாகத்தான் போகிறது. முகம் தெரியாத ஒருவர் அனுப்பும் 'தமிழ் டைப்பிங் பேட்ச்' ஒன்றைக் கணினியில் போடுவது, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அவரிடமே காவலும் கேட்பது மாதிரி. பழைய மென்பொருளே வேண்டுமென்றாலும் அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஓர் ஆளிடம் கணினியைக் கொடுத்தார். அந்த ஆள் முதலில் டிரைவர் என்றார், அப்புறம் ஃபார்மட் என்றார், கடைசியில் கீபோர்டே புதிதாக வேண்டும் என்றார். புது கீபோர்டிலும் எச் விசை 'ப' என்றுதான் சொன்னது.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆவணங்களையே இழக்கிறார்கள். பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழே இல்லாமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதா? அது தட்டச்சுக் கோளாறே அல்ல. பாமினி போன்ற எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், கோப்பில் உண்மையில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஐந்துக்கும் தமிழ் வேஷம் போட்டது எழுத்துரு. புதுக் கணினியிலோ புதிதாக நிறுவிய விண்டோஸிலோ அந்த எழுத்துரு இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும். கோப்பு கெடவில்லை, அழித்துவிடாதீர்கள். பாமினியைத் திரும்ப நிறுவினால் மறுபடி தமிழாகத் தெரியும். ஆனால் அதோடு நிறுத்தாமல், தமிழைத் தமிழாகவே பதிவு செய்யும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றில் போட்டு மாற்றி வையுங்கள். மூலக் கோப்பின் நகலை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றி, ஒகரக் கொம்பும் ஸ்ரீயும் சரியாக வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறிக் கண்ணாபின்னா என்று வரும், கையால்தான் திருத்த வேண்டும். புது ஆவணம் எதையும் இனி பாமினியில் தொடங்காதீர்கள்.

"பழையபடி 10-க்கே போய்விடுங்கள்" என்றும் அந்த நண்பர் சொல்லக்கூடும். மேம்படுத்திய 10 நாளுக்குள் என்றால் செட்டிங்ஸிலேயே திரும்பிப் போக வழி இருக்கிறது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஓர் எழுத்துப் பட்டியலுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் மாற்றிய பிறகு, கணினியைத் திறக்கும்போது கடவுச்சொல் தவறு என்று வந்தால் பதறாதீர்கள். திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி என்று பாருங்கள், தமிழாக இருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி தட்டுங்கள்.