இடியாப்ப உரல் இருக்கும்போது நூடுல்ஸ் பாக்கெட் எதற்கு?

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரையில் இருக்கிறோம். மகன் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு மூன்று வயது. செல்போனில் பார்த்துவிட்டு நூடுல்ஸ், மயோனைஸ் என்று பையன் அடம்பிடிக்கிறான். தெரிந்த அக்கா ஒருவர் 'மல்டிகிரெயின்' நூடுல்ஸ் பாக்கெட்டும், 1,800 ரூபாய்க்குக் குழந்தைகள் புரோட்டீன் பவுடரும் தருகிறார். வாங்கலாமா? வெளிநாட்டுச் சாப்பாட்டை வீட்டிலேயே சத்தாகச் செய்ய முடியுமா?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம்.

முதலில் அந்த நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் கேழ்வரகும் கம்பும் படமாக இருக்கும். பின்பக்கம் முதல் பெயர் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளவர்' என்றிருந்தால் அது மைதா. கேழ்வரகு எங்கோ கடைசியில் கொஞ்சமாக இருக்கும். அதையும் எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆங்கிலம் அல்லது இந்தியில் இருந்தால் போதும், தமிழ் கட்டாயமில்லை என்கிறது விதி. பிறகு புளியரையில் இருக்கும் தாய் எதைப் படித்து முடிவெடுப்பார்? முன்பக்கத்திலேயே நட்சத்திரம் போட்டுத் தரம் காட்டும் வரைவு விதியை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் 2022-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அடுத்தது பவுடர் டின். விற்றுத் தருகிறவருக்குக் கமிஷன் உண்டு. தெரிந்த அக்கா என்பதால் மறுக்கச் சங்கடமாக இருக்கும், அந்தச் சங்கடத்தை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி நிலக்கடலையில், அதாவது 30 கிராமில், சுமார் 7 கிராம். இதற்கு 1,800 ரூபாயா?

சரி, பையன் கேட்ட நூடுல்ஸுக்கு வருவோம். தாய்லாந்தில் 'பாட் தாய்' என்று ஒன்று உண்டு. அரிசி நூடுல்ஸ், புளி, பனை வெல்லம், நிலக்கடலை, முட்டை, முளைகட்டிய பச்சைப்பயறு எல்லாம் சேர்த்துக் கிளறுவார்கள். இதில் உங்கள் அடுக்களையில் இல்லாதது எது? அவர்கள் ஊற்றும் மீன் சாஸ் ஒன்றுதான், அதற்கு உப்பு போதும். அரிசி நூடுல்ஸுக்கு நம் இடியாப்பம்.

காலையில் அவித்த இடியாப்பத்தில் நான்கை எடுத்து, ஆறியதும் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாலையில் உதிர்த்தால் நூல் நூலாக வரும்; சூடாகப் போட்டால் களியாகிவிடும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, சீவிய கருப்பட்டி ஒரு ஸ்பூன், கொஞ்சம் உப்பு சேர்த்துக் கொதிக்க வைத்து, விரலில் தொட்டால் ஒட்டும் பதத்தில் இறக்குங்கள். கடலெண்ணெயில் பூண்டு, சின்ன வெங்காயம், தீக்குச்சி போல நறுக்கிய கேரட், முட்டைகோஸ் வதக்கி, ஓரமாக ஒதுக்கி முட்டை உடைத்து ஊற்றுங்கள். முட்டை வெந்ததும் கைப்பிடி முளைப்பயறு போட்டு, தண்ணீர் தெளித்து மூடி நன்றாக வேக விடுங்கள். முளைப்பயறைக் குழந்தைகளுக்குப் பச்சையாகத் தர வேண்டாம். கடைசியில் இடியாப்பம், புளிச்சாறு சேர்த்துப் புரட்டி, மேலே வறுத்த கடலைப்பொடி, எலுமிச்சை.

கடலையைப் பொடியாகத்தான் போட வேண்டும். பையனுக்கு முழுக்கடலை பரவாயில்லை. மகளுக்கு மூன்று வயது. ஐந்து வயதுக்குள் முழுக்கடலையோ உடைத்த கடலைத் துண்டோ மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளலாம். அண்ணன் தட்டிலிருந்து அவள் எடுப்பாள் என்பதால், வீட்டில் எல்லோர் தட்டிலும் பொடிதான். 'ஒன்று ரெண்டு தெரியட்டும்' என்று கொரகொரப்பாக விடாதீர்கள், மாவாகவே பொடியுங்கள். சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிட விடாதீர்கள். கடலை சாப்பிட்டதும் உதடு வீங்கினாலோ உடம்பு தடித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள், அதன்பின் கடலையே வேண்டாம்.

மயோனைஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பச்சை முட்டையில் செய்ததைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மயோனைஸ் தரும் கடையில் பாட்டில் எப்போது திறந்தது, வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றது என்று யார் பார்க்கிறார்கள்? கெட்டித் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வடிய விடுங்கள். வதக்கிய பூண்டு ஒரு பல், மிளகுத்தூள், உப்பு, அரை ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு அடித்தால் வெள்ளை வெளேரென்று மயோனைஸ் போலவே இருக்கும். இதைப் பள்ளி டப்பாவில் கட்டிக் கொடுக்க வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். பையன் பள்ளி விட்டு வந்ததும் வீட்டிலேயே கொடுங்கள்.